வட்டமேசைப் புதிரில் அஞ்சு கேஸ் கிளைக்குது: எங்கே வெட்டலாம்?

திண்ணைவாசி:

வங்கித் தேர்வு பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) பாணியில் ஒரு சீட்டிங் கணக்கு (யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது) கீழே. விடை கேட்கவில்லை, விடை வந்துவிடுகிறது. குறிப்புகளைக் கொடுத்த வரிசையிலேயே போட்டால் ஐந்து கேஸ், அதாவது ஐந்து வாய்ப்பு, என்று பிரிந்து ஐந்து படம் வரைய வேண்டியிருக்கிறது, நேரம் அங்கேதான் போகிறது. எந்த இடத்தில் வெட்டியிருக்கலாம் என்று சொல்லுங்கள்.

எட்டுப் பேர் வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்: அமுதா, இளங்கோ, கவிதா, செல்வி, தேவி, நந்தன், பாரி, மலர். நாலு பேர் மையத்தைப் பார்த்து, நாலு பேர் வெளியே பார்த்து.

1. அமுதா மையத்தைப் பார்க்கிறார். அவருக்கு இடப்பக்கம் மூன்றாவதாக மலர்.
2. மலருக்கும் செல்விக்கும் நடுவே ஒருவர் மட்டும்.
3. செல்விக்கு வலப்பக்கம் அடுத்தவர் நந்தன். நந்தனுக்கு இடப்பக்கம் மூன்றாவது பாரி.
4. கவிதாவுக்கு நேர் எதிரே இளங்கோ.
5. அமுதாவின் இரு பக்கத்தவரும் வெளியே பார்க்கிறார்கள்.
6. பாரிக்கு வலப்பக்கம் அடுத்தவர் கவிதா.
7. கவிதாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது தேவி.
8. செல்வியின் இரு பக்கத்தவரில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே பார்க்கிறார்.

மோட்டுவளை:

முதலில் அந்த ஐந்தும் எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்துவிடலாம். இருக்கைகளுக்குக் கடிகாரச் சுற்றில் 1 முதல் 8 வரை எண். உள்ளே பார்ப்பவருக்கு இடப்பக்கம் கடிகாரச் சுற்றில் போகும், வலப்பக்கம் எதிர்ச்சுற்றில். வெளியே பார்ப்பவருக்குத் தலைகீழ்.

அமுதா 1. மலர் 4. செல்வி 2 அல்லது 6.

செல்வி 6-இல் உள்ளே பார்த்தால் நந்தன் 5, வெளியே பார்த்தால் நந்தன் 7. செல்வி 2-இல் உள்ளே பார்த்தால் நந்தன் 1-க்கு வரவேண்டும், அங்கே அமுதா இருக்கிறார். ஆக வெளியே பார்த்தே ஆகணும், நந்தன் 3. இதுவரை மூன்று. இப்போது நந்தன் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாததால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும். ஆறு. அதில் ஒன்றில் (நந்தன் 7, வெளியே) பாரி நேராக மலர் மடியில் போய் உட்காருகிறார். மிச்சம் ஐந்து.

குறிப்பு 3-இல் திசை தெரியாத இரண்டு பேர் அடுத்தடுத்து வருகிறார்கள். அதைக் கையில் எடுத்த நிமிஷமே கிளைக்கத்தான் செய்யும். அதற்கு முன்னால் 4-ஐயும் 5-ஐயும் போட்டிருக்க வேண்டும்.

பேனாமுனை:

4-ஐ எப்படிப் போடுவது என்று விரித்துச் சொல்கிறேன். "கவிதா எங்கே என்றே தெரியாது, எதிரே இளங்கோ என்றால் என்ன பிரயோஜனம்" என்று பெரும்பாலோர் தள்ளி வைக்கிற குறிப்பு இது.

எட்டு இருக்கையில் எதிரெதிர் ஜோடி நாலுதான்: 1-5, 2-6, 3-7, 4-8. அமுதா 1-இல் இருப்பதால் முதல் ஜோடி போச்சு. மலர் 4-இல், அதனால் 4-8 போச்சு. செல்வி 2 அல்லது 6, எதில் இருந்தாலும் 2-6 ஜோடி உடைந்துவிடும். மிச்சம் 3-7 மட்டும். ஆக கவிதாவும் இளங்கோவும் 3, 7. யார் எதில் என்பது இப்போதைக்கு வேண்டாம். அந்த இரண்டு இடத்திலும் "க/இ" என்று எழுதிப் பூட்டிவிடுங்கள்.

இப்போது குறிப்பு 3-க்கு வாங்க. நந்தனுக்கு 3-உம் 7-உம் கிடையாது. மிச்சம் 5 மட்டும். அதனால் செல்வி 6, உள்ளே பார்க்கிறார். மூன்று கேஸாகப் பிரிய வேண்டிய இடம் ஒன்றாகிவிட்டது.

அடுத்து 5. அமுதாவின் பக்கத்து இருக்கைகள் 2, 8. யார் உட்காருவார் என்று தெரியாவிட்டாலும் இரண்டுக்கும் வெளிநோக்கி அம்பு போட்டுவிடலாம். அம்பு இருக்கைக்குரியது, ஆளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நந்தன் (5) வெளியே பார்த்தால் பாரி 2, உள்ளே பார்த்தால் பாரி 8. எப்படியும் பாரி வெளியே பார்ப்பவர். வெளியே பார்க்கும் பாரியின் வலப்பக்கம் கடிகாரச் சுற்று. 8-இல் இருந்தால் அடுத்தது 1, அமுதா. குறிப்பு 6 அங்கே கவிதாவைக் கேட்கிறது, உதைக்கும். எனவே பாரி 2, நந்தன் வெளியே, கவிதா 3, இளங்கோ 7, மிஞ்சிய 8-இல் தேவி.

திசை பாக்கி. தேவி 8-இல். அது 3-இல் இருக்கும் கவிதாவுக்கு இடப்பக்கம் மூன்றாவதாக வர, கவிதா வெளியே பார்க்கணும். செல்வியின் ஒரு பக்கம் நந்தன் வெளியே, அதனால் மறுபக்கம் இளங்கோ உள்ளே. வெளியே பார்ப்பவர் பாரி, கவிதா, நந்தன், தேவி என நாலும் நிறைந்தாச்சு. மலர் உள்ளே.

ஒரே ஒரு இடத்தில், பாரி 2-ஆ 8-ஆ என்பதில், இரண்டு கேஸ். அதுவும் ஒரு வரியில் செத்துவிடுகிறது. இரண்டாவது படமே தேவையில்லை.

கரிசல்காடு:

பேனாமுனை அண்ணே, விடை தெரிஞ்ச பிறகு 4-ஐ முதல்ல எடுன்னு சொல்றது ஈஸி. தேர்வு ஹால்ல உக்காந்திருக்கவனுக்கு எந்தக் குறிப்பு வெட்டும், எது கிளைக்கும்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஏதாவது கணக்கு இருந்தா சொல்லுங்க.

பேனாமுனை:

நியாயமான கேள்வி தம்பி. ஒவ்வொரு குறிப்பையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதைப் போட எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது? எண்ணிக்கை குறைவானதை எடு. எண்ண ஐந்து வினாடிக்கு மேல் ஆகாது.

மேலே உள்ள கணக்கில் 1, 2 முடிந்ததும் நிலவரம் இது. குறிப்பு 3-க்கு நந்தன்-பாரி வாய்ப்பு ஐந்து. குறிப்பு 4-க்கு ஒரே ஜோடி. குறிப்பு 5-க்கு யோசனையே வேண்டாம், இரண்டு அம்பு. குறிப்பு 6-க்குப் பாரி எங்கே என்று தெரியாது, திசையும் தெரியாது, அது காத்திருக்கலாம்.

இன்னொரு பழக்கம்: பேனா எடுக்கும் முன் எல்லாக் குறிப்பையும் ஒரு தடவை படித்து, மூன்று வகையை மனசில் தனியாக வையுங்கள். ஆள் பெயரும் தூரமும் சேர்ந்தது ஒன்று. "நேர் எதிரே", "நடுவே இத்தனை பேர்" மாதிரி திசையே தேவைப்படாதது ஒன்று. திசையை மட்டும் சொல்வது ஒன்று. இரண்டாவது வகைதான் தங்கம். உள்ளே வெளியே கலந்த கணக்கில் திசையை நம்பாத குறிப்பு எதுவாக இருந்தாலும் முதலில் போட்டுவிட வேண்டும்.

"அருகில் இல்லை", "இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை" மாதிரி இல்லை-குறிப்புகள் படம் வரைய உதவாது, கேஸை அடிக்க உதவும். அவற்றைக் கடைசியில் ஒரு பார்வை.

ஏழாம்_இருக்கை:

எட்டுப் பேரை வட்டத்தில் உட்கார வைக்க 5040 வழி. நாலு உள்ளே நாலு வெளியே என்று பிரிக்க 70 வழி. பெருக்கினால் 3,52,800. எட்டு வரிக் குறிப்பு இவ்வளவையும் ஒன்றாக்குகிறது என்றால் ஒவ்வொரு வரியும் எவ்வளவு வெட்டுகிறது பாருங்கள். அதனால்தான் வரிசை முக்கியம்.

ஆனால் வட்டம் வரைவதே வீண் வேலை என்பது என் கட்சி. ரஃப் ஷீட்டில் 1 2 3 4 5 6 7 8 என்று ஒரே வரியில் எழுதி, கீழே பெயரின் முதலெழுத்து, அதற்கும் கீழே உள்ளே என்றால் ஒரு புள்ளி, வெளியே என்றால் ஒரு கோடு. உள்ளே பார்ப்பவருக்கு இடம் கூட்டல், வலம் கழித்தல். வெளியே பார்ப்பவருக்கு இடம் கழித்தல், வலம் கூட்டல். 8-ஐத் தாண்டினால் 8-ஐக் கழி, 1-க்குக் கீழே போனால் 8-ஐக் கூட்டு. எதிரே என்றால் 4 கூட்டு.

நந்தன் 5, வெளியே, இடம் மூன்று: 5−3 = 2. முடிந்தது. பேப்பரைச் சுழற்ற வேண்டாம், தலையைச் சாய்க்க வேண்டாம். இரண்டாவது கேஸ் வந்தால் கீழே இன்னொரு வரி. வட்டம் என்றால் மறுபடியும் முழுசா வரையணும்.

மோட்டுவளை:

கணக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழக்கம் இல்லாதவர் இதில் விழும் இடம் ஒன்று உண்டு: யாருடைய வலப்பக்கம் என்பது. "செல்விக்கு வலப்பக்கம் நந்தன்" என்றால் கூட்டலா கழித்தலா என்பதை முடிவு செய்வது செல்வியின் திசை. நந்தன் எங்கே பார்க்கிறார் என்பது அந்த வரிக்குச் சம்பந்தமே இல்லை. வாக்கியம் நந்தனில் தொடங்கி "நந்தன், செல்விக்கு வலப்பக்கம்" என்று வந்தால் பலபேர் நந்தனின் அம்பைப் பார்த்து எண்ணிவிடுகிறார்கள். "க்கு" ஒட்டியிருக்கும் பெயரில் விரலை வைத்துவிட்டு எண்ண ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, "எதிர்த்திசை" வேறு, "நேர் எதிரே" வேறு. முன்னது பார்க்கும் பக்கம், பின்னது உட்காரும் இடம். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதைப் படித்தால் கணக்கு கடைசி வரை போய் அங்கேதான் இடிக்கும்.

சதுர மேசைக்கு ஏழாம்_இருக்கை சொன்ன எண் வரிசை வட்டத்தைவிட நன்றாகவே வேலை செய்யும். மூலையில் நாலு பேர் உள்ளே, பக்க நடுவில் நாலு பேர் வெளியே என்று வருமே, அது. மூலைகளுக்கு 1, 3, 5, 7. பக்க நடுவுக்கு 2, 4, 6, 8. ஒற்றைப்படைத் தூரம் என்றால் ஆள் வகை மாறும், இரட்டைப்படைத் தூரம் என்றால் மாறாது. "கவிதாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது மலர்" என்று வந்தால் ஒருவர் மூலை, ஒருவர் நடு. ஒருவர் உள்ளே என்று வேறொரு குறிப்பு சொன்னால் மற்றவர் வெளியே, படமே வேண்டாம். நேர் எதிரே என்பது 4, இரட்டைப்படை, அதனால் எதிரே இருப்பவர் எப்போதும் அதே வகை. பாதிக் கணக்கு இந்த ஒற்றை இரட்டையிலேயே உடையும்.

கரிசல்காடு:

ஏழு பேர் எட்டு நாற்காலின்னு வந்தா?

மோட்டுவளை:

காலி நாற்காலிக்கும் ஒரு பெயர் வை, "கா" என்று. ஆள் மாதிரியே எண்ணு. அதற்குத் திசை கிடையாது, அவ்வளவுதான். மொத்தமே ஏழு இருக்கை என்றால்தான் நேர் எதிரே என்ற பேச்சே இல்லை.

திண்ணைவாசி:

நன்றி. 3-க்கு முன்னால் 4 என்பது பிடிபட்டது. இன்னொரு வகை: "ஒரு வரிசையில் சிலர் வடக்கு நோக்கி" என்று எத்தனை பேர் என்றே சொல்லாமல் வருகிறதே. அதற்கு எண் வரிசை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஏழாம்_இருக்கை:

ஓரத்தைத் தொடும் குறிப்பு ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். எடுத்துக்காட்டு:

கண்ணனுக்கு இடப்பக்கம் இரண்டு பேர் மட்டும். கண்ணனுக்கும் மீனாவுக்கும் நடுவே நால்வர். மீனாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது ரவி. ரவிக்கு வலப்பக்கம் இருப்பவர்கள், கண்ணனுக்கும் மீனாவுக்கும் நடுவே இருப்பவர்களைப் போல் இரு மடங்கு. மீனாவுக்கும் வாசுவுக்கும் நடுவே மூவர். வாசு ரவிக்குப் பக்கத்தில் இல்லை.

இடது ஓரத்திலிருந்து எண்ணினால் கண்ணன் 3. நடுவே நால்வர் என்றால் தூரம் 5, எனவே மீனா 8. இடப்பக்கம் போக இடமில்லை. ரவி 8−3 = 5. அவருக்கு வலப்பக்கம் எட்டுப் பேர், மொத்தம் 5+8 = 13. வாசு 4 அல்லது 12. 4 ரவிக்குப் பக்கம், அடிபட்டது. வாசு 12, அதாவது வலது ஓரத்திலிருந்து இரண்டாவது.

விழும் இடம் எப்போதும் அந்த ஒன்று. நடுவே நால்வர் என்றால் தூரம் நாலு அல்ல, ஐந்து. மூன்றாவது வலப்பக்கம் என்றால் தூரம் மூன்றேதான், நடுவே இருவர். ஒருவர் இடமிருந்து 7-ஆவது, வலமிருந்து 6-ஆவது என்றால் மொத்தம் 12, 13 அல்ல. அவரை இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம், ஒன்று கழிக்கணும். அதே ஆளுக்கு இடப்பக்கம் 6 பேர், வலப்பக்கம் 5 பேர் என்று சொன்னால் அவரை எண்ணவே இல்லை, ஒன்று கூட்டணும். மறுபடியும் 12.

வரிசையில் "அடுத்து" என்ற சொல் இல்லாமல் வெறும் "வலப்பக்கம்" என்றால் எங்கேயோ வலப்பக்கம் என்றுதான் பொருள். ஒட்டி உட்கார வைத்துவிடாதீர்கள்.

பேனாமுனை:

எதிரெதிர் இரண்டு வரிசைக்கும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். மேல் வரிசை தெற்கு நோக்கி, கீழ் வரிசை வடக்கு நோக்கி. கீழே இருப்பவரின் இடது, தாளின் இடது. மேலே இருப்பவரின் இடது, தாளின் வலது. படம் போட்ட உடனே மேல் வரிசையின் வலது ஓரத்தில் "இ" என்று எழுதிவிடுங்கள், கீழ் வரிசையின் இடது ஓரத்திலும் "இ". அதற்கப்புறம் யோசிக்க வேண்டாம்.

"பாரிக்கு வலப்பக்கம் இரண்டாவதாக இருப்பவருக்கு நேர் எதிரே கவிதா" மாதிரி சங்கிலிக் குறிப்புகளில் நடுவே ஒரு பெயரில்லாத ஆள் இருக்கிறார். அவருக்கு ஒரு கேள்விக்குறி போட்டு, இரண்டு துண்டாக உடையுங்கள். இதிலிருந்து இன்னொரு லாபம்: பாரிக்கு வலப்பக்கம் குறைந்தது இரண்டு இருக்கை இருக்கணும். அதனால் அவர் வரிசையில் கடைசி இரண்டு வலது இடங்களும் பாரிக்குக் கிடையாது. ஆறு பேர் வரிசையில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வாசித்த உடனே போய்விடும்.

கரிசல்காடு:

எல்லாம் சரி, நேரத்துக்கு வருவோம். ஐபிபிஎஸ் (வங்கி வேலைக்குத் தேர்வு நடத்துற அமைப்பு) பிஓ (அதிகாரி), கிளார்க் ரெண்டு பிரிலிம்ஸிலும் ரீசனிங் (தர்க்கப் பகுதி) 35 கேள்வி, 20 நிமிஷம். கேள்விக்கு 34 வினாடி. அஞ்சு கேள்வி வர்ற ஒரு சீட்டிங் செட்டுக்கு மூணு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. திசை கலந்த வட்டத்தை அதுக்குள்ள முடிக்கிறது கஷ்டம். அதனால சிலாஜிசம் (கூற்று-முடிவு), இன்இக்வாலிட்டி (பெரிது-சிறிது ஒப்பீடு), கோடிங் (சங்கேத எழுத்து), ரத்த உறவு, திசைக் கணக்கு முதல்ல, சீட்டிங் கடைசில. வேற வழியில்ல.

மோட்டுவளை:

முதல் பாதி சரி, கடைசிக்குத் தள்ளுவதில் உடன்பாடில்லை. பசிலும் சீட்டிங்கும் சேர்ந்தால் பெரும்பாலும் பாதிப் பகுதிக்குப் பக்கமாக வந்துவிடும். அதை மொத்தமாகக் கடைசிக்கு வைத்தால் கடைசி நாலு நிமிடத்தில் பதற்றத்தில் படம் போட வேண்டியதாகும். சில்லறைக் கேள்விகளை முடித்ததும் எல்லா செட்டையும் ஒரு தடவை உருட்டிப் பார்த்து, ஒரே திசை வரிசை எது, உள்ளே வெளியே கலந்தது எது, ஆளோடு ஊரும் நிறமும் சேர்ந்தது எது என்று பிரித்து, எளிதிலிருந்து எடுக்கணும். எடுத்த செட்டில் இரண்டு நிமிடத்தில் இரண்டு பேருக்கு மேல் நிலையாக உட்காரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. தாளைக் கிழிக்காதே, பாதிப் படம் இருக்கட்டும்.

பாதிப் படத்திலேயே விழும் கேள்வியும் உண்டு. மேலே உள்ள கணக்கில் "செல்விக்கும் அமுதாவுக்கும் நடுவே குறைந்தபட்சம் எத்தனை பேர்" என்று கேட்டால் செல்வி 6 என்று தெரிந்த உடனே 7, 8 என இருவர். மற்றவர் யார் என்று தேவையே இல்லை.

ஏழாம்_இருக்கை:

தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போகும். ஐந்து விடை விருப்பத்தில் கண்ணை மூடிக் குத்தினால் சராசரி லாபம் பூஜ்யம்: ஐந்தில் ஒரு தடவை 1 வரும், நாலு தடவை கால் கால் என்று 1 போகும். ஒரே ஒரு விருப்பத்தை உறுதியாக அடிக்க முடிந்தாலே கணக்கு நம் பக்கம் சாயும். பாதிப் படம் அதற்குப் போதும்.

"தீர்மானிக்க முடியாது" என்ற விருப்பத்தை மட்டும் இப்படிக் குத்தாதீர்கள். இரண்டு கேஸும் எல்லாக் குறிப்புக்கும் பொருந்துகிறது, இரண்டிலும் விடை வேறு என்று காட்ட முடிந்தால்தான் அது. படம் முடியவில்லை என்பதற்கு அது விடையல்ல.

பேனாமுனை:

திண்ணைவாசி கணக்கிலிருந்தே "நாலு ஒரே வகை, ஒன்று சேராது" கேள்வி ஒன்று. இவற்றில் எது தனி?

பாரி–தேவி, மலர்–செல்வி, கவிதா–அமுதா, நந்தன்–இளங்கோ, செல்வி–தேவி.

கரிசல்காடு:

எல்லா ஜோடிக்கும் நடுவுல ஒருத்தர்தான் இருக்காங்க. தூரத்த வச்சுப் பிரிக்க முடியல. கடிகாரச் சுற்றுன்னு பாத்தா மலர், நந்தன், செல்வி மூணும் முன்னால போகுது, பாரியும் கவிதாவும் பின்னால. 3-2, அதுவும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே திசையான்னு பாத்தா பாரி–தேவி, மலர்–செல்வி மட்டும் ஒரே திசை. மறுபடியும் 2-3.

முதல் ஆளோட இடம் வலம்னு போட்டாத்தான் விழுது. பாரி 2 வெளியே, இடம் ரெண்டு 8, தேவி. மலர் 4 உள்ளே, இடம் ரெண்டு 6, செல்வி. கவிதா 3 வெளியே, இடம் ரெண்டு 1, அமுதா. செல்வி 6 உள்ளே, இடம் ரெண்டு 8, தேவி. நந்தன் 5 வெளியே, 7-க்குப் போகணும்னா வலப்பக்கம் ரெண்டு. நந்தன்–இளங்கோ.

பேனாமுனை:

அதேதான். தூரம், சுற்று, ஒரே திசையா, இடம் வலம்: இந்த வரிசையில் சோதித்தால் நாலாவது படிக்கு மேல் போக வேண்டியிருக்காது. பெயரைத் தொடாமல் எண்ணையும் புள்ளி-கோட்டையும் மட்டும் பார்த்துச் சோதியுங்கள், வேகமாக வரும்.